ரஜூலா: அறைகளில் இருந்தவர்களும் டெக்கில் இருந்தவர்களும்

ஆத்தூர் வட்டத்துச் சேரிகளில் முதியவர்களிடம் குடும்பக் கதை கேட்கும்போது, ஏதேனும் ஒரு தலைமுறையில் ‘கப்பலேறிப் போனவர்’ என்று ஒருவரைச் சுட்டுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். எங்கே போனார் என்றால் ‘பினாங்குக்கு’ என்பார்கள். எந்தக் கப்பல் என்றால், பெயர் நினைவிருப்பவர்கள் பெரும்பாலும் ‘ரஜூலா’ என்பார்கள். வசிஷ்ட நதிக்கரையில், மலைகள் சூழ்ந்த ஊர் இது. கடலைக் காணாமலேயே வாழ்ந்து முடித்தவர்கள் இங்கு ஏராளம். அப்படிப்பட்ட ஊரின் சேரிகளில் ஒரு கப்பலின் பெயர் நிலைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் நினைவுக் குறிப்புகளில் ரஜூலா அன்போடு பேசப்படுகிறது. அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஒரே வழித்தடத்தில் ஓடிய கப்பல் அது. பெட்டி படுக்கையுடன் ஏறியவர்கள், புது மணப்பெண்ணாகப் போனவர்கள், வணிகர்கள், ஆசிரியர்கள் எனப் பலர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த அன்பில் பொய்யில்லை. ஆயினும் எழுதத் தெரிந்தவர்களின் நினைவே அதில் பெரும்பகுதி. கப்பல் எவர்களுக்காகக் கட்டப்பட்டதோ அந்த டெக் பயணிகளின் நினைவு ஏட்டில் ஏறவில்லை. இக்கட்டுரையில் ரஜூலாவின் அமைதிக்காலத்தையும் போர்க்காலத்தையும் டெக்கிலிருந்து பார்க்க முயல்கிறோம்.

ஒரு கப்பலின் கணக்கு

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனம் 1926-இல் ரஜூலாவைக் கட்டி முடித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் அதன் இணைக்கப்பலான ரோனாவும் கட்டப்பட்டது. இரண்டும் ஒரே வேலைக்காக உருவானவை: சென்னை, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் ஆட்களை ஏற்றி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இறக்குவது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம்.

ரஜூலாவின் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். முதல் வகுப்பில் சில பத்துப் பேர், இரண்டாம் வகுப்பில் நூறு பேருக்கும் குறைவு. டெக் பயணிகளாகவோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. இந்த எண்ணின் பொருள் விளங்க உலகமறிந்த கப்பல் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். டைட்டானிக் 46,000 டன் கப்பல். பணியாளர்களையும் சேர்த்து அதில் ஏறக்கூடியவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ரஜூலாவில் அதைவிட அதிகமானோர் ஏற்றப்படலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

டெக் பயணி என்றால் கட்டில் இல்லை, அறை இல்லை. பாய் விரிக்கும் இடமே அவருடைய இருக்கை. அவ்வளவு பேரை ஏற்றக் காரணமும் அதுதான். அறைகளுக்கு இடம் ஒதுக்கிக் கட்டிய கப்பல்களில் மனிதருக்கு ஓர் அளவு இருந்தது. ரஜூலாவின் டெக்கில் அந்த அளவு பாயின் அகலமாகச் சுருங்கியது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் சென்று ஏற வேண்டும். கடலையே கண்டிராத உழவுத் தொழிலாளி ஒருவர், கைக்குழந்தையுடன் ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றும் அந்தக் கணத்தில்தான் அவருடைய ‘மலாயா’ தொடங்கியது.

யார் அந்த ஐயாயிரம் பேர்?

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்ட மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஆகியவற்றுடன் சேலமும் முதன்மையானது. 1876–78 பெரும் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. மானாவாரிப் புன்செய் நிலம், அடிக்கடி பொய்க்கும் மழை, நிலமற்ற சேரி மக்கள், கடனுக்காகப் பண்ணையாளாகக் கட்டுண்ட குடும்பங்கள் என்று கங்காணிக்குத் தேவையான யாவும் இங்கே இருந்தன.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் ஆள் சேர்ப்புக்கு முதன்மை வழி கங்காணி முறையே. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்கே வந்து, உறவினரையும் அறிந்தவரையும் அழைத்துச் செல்வார். 1907-இல் உருவாக்கப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. சேர்க்கப்பட்டவர்கள் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். தாளில் பார்த்தால் இது சுதந்திரமான பயணம். முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு இருந்தது. ஆனால் தம் ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாளைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது. ஆகவே தொழிலாளியைத் தோட்டத்திலேயே நிறுத்திவைப்பது கங்காணியின் வருமானமாயிற்று.

இந்த முறையின் உள்ளே ஒரு சிறு விதியை நாம் கவனிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவரைக் கங்காணி கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, அவர் போவதற்குத் தடை ஏதும் இல்லை என்று கையொப்பம் பெற வேண்டும். பலவந்தமாக ஆள் பிடிப்பதைத் தடுப்பதற்கான விதி என்றே இதைச் சொன்னார்கள். ஆனால் முன்சீப் யார்? பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர், நிலவுடைமையாளர், அல்லது நிலவுடைமையாளரின் உறவினர். ஊரை விட்டுப் போக நினைக்கும் பண்ணையாள், தம்மைக் கட்டிவைத்திருக்கும் அமைப்பின் பிரதிநிதியிடமே போய் அனுமதிக்காக நின்றார். ஆட்கள் கப்பலேறினால் வயலில் கூலி உயரும் என்று தஞ்சை மிராசுதாரர்கள் புலம்பெயர்வை எதிர்த்தது வரலாறு. ஆகவே இரவோடு இரவாக நடந்து போய் முகாமில் சேர்ந்த கதைகளை நம் குடும்பங்கள் சொல்வதில் வியப்பில்லை.

மலாயா சென்ற தென்னிந்தியத் தொழிலாளருள் மூன்றில் ஒரு பங்கினராவது பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அன்றைய ஆவணங்கள் குறித்த ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஊர் மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட இது மிகுதி. கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாஸ்திரம் பேசியவர்கள் கரையில் தயங்கி நின்ற காலத்தில், அந்தச் சாத்திரத்தால் எந்த நன்மையும் பெறாதவர்கள் முதலில் கப்பலேறினார்கள். கெடுவதற்கு அவர்களிடம் சாதி மரியாதை எதுவும் இருக்கவில்லை. போவதற்குத்தான் காரணம் இருந்தது.

சாதியும் கப்பலேறியது

கடல் சாதியைக் கழுவிவிட்டது என்று சொல்ல நமக்கு விருப்பமே. உண்மை அவ்வளவு எளிதன்று. பல தோட்டங்களில் ஆதிதிராவிடத் தொழிலாளருக்குத் தனி லயன்கள் ஒதுக்கப்பட்டன. கோயிலிலும் திருவிழாவிலும் பிரிவினை தொடர்ந்தது. பெரும்பாலான கங்காணிகள் இடைநிலைச் சாதியினர். ஊரில் இருந்த அதிகாரம் அவர்களுடைய கைப்பெட்டியில் பத்திரமாகக் கூடவே வந்தது.

ஆயினும் மாற்றம் எதுவும் நிகழவில்லை என்பதும் தவறு. ஊரில் படியளந்த தானியத்துக்கும் ஆண்டான் மனத்துக்கும் கட்டுப்பட்டிருந்த உழைப்புக்கு இங்கே ரொக்கக் கூலி இருந்தது. 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டது. ஒரே மரத்தில் ஒரே பாலை வடித்த பெண்ணுக்கு 10 காசு குறைவு என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறோம். அந்தக் காசில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பியவர்கள் உண்டு. திரும்பி வந்து சிறு துண்டு நிலம் வாங்கியவர்கள், ஓட்டு வீடு கட்டியவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் உண்டு. ஊரில் அவர்களுக்கு ‘மலாயாக்காரர்’ என்று பெயர். சாதிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டவருக்கு வேறொரு பெயர் கிடைத்ததே அன்று ஒரு செய்திதான்.

1929 டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவர் ஆற்றிய உரைகள் சுயமரியாதைக் கருத்துகளைத் தோட்டங்கள் வரை கொண்டுசென்றன. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தொழிலாளரை ஏற்றிச் சென்ற வழித்தடத்திலேயே சிந்தனையும் பயணம் செய்தது.

ஆனால் அதே நேரத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ரப்பர் விலை சரிந்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் நிதியுதவியுடன் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். போகும்போது நிரம்பிய டெக், வரும்போதும் நிரம்பியது. தேவைப்படும்போது இறக்குமதி, தேவையற்றபோது ஏற்றுமதி. தோட்ட முதலாளிகளின் கணக்கில் தொழிலாளியும் ரப்பரும் ஒரே பத்தியில் இருந்தார்கள்.

அதே 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று, அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் ‘வைஸ்ராய் ஆஃப் இந்தியா’ என்னும் கப்பலில் ஏறி, வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் புறப்பட்டார். ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அம்மாநாட்டில் அவருடன் அமர்ந்த மற்றொருவர் இரட்டைமலை சீனிவாசன். வங்கக் கடலில் நம் மக்கள் வேலையிழந்து டெக்கில் திரும்பிக்கொண்டிருந்தனர். அரபிக் கடலில் நம் தலைவர் அரசியல் உரிமை கேட்கப் போய்க்கொண்டிருந்தார். இரு பயணங்களையும் சேர்த்துப் படிக்கும்போதே அந்த ஆண்டு நமக்கு முழுமையாக விளங்குகிறது.

1938-இல் தோட்டங்கள் மீண்டும் கூலியைக் குறைத்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசு உதவி பெற்ற புலம்பெயர்வைத் தடை செய்தது. கங்காணி முறையின் காலம் முடிந்தது. அதற்குள் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை ஒன்று எழுந்திருந்தது. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் அது வெளிப்பட்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் ஆகியவற்றுடன் மற்றொரு கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. துரைமாரையோ மேலாளரையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இந்தக் கோரிக்கையைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரர்கள் நாம். ஊரில் சாதி இறக்கியது, தோட்டத்தில் வெள்ளைத் துரைத்தனம் இறக்கியது. இறங்க மாட்டோம் என்று அங்கே கூட்டாகச் சொன்னார்கள். அரசு படையை அனுப்பியது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராட்டத்தின் தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போர் வந்தபோது

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. பினாங்கின் மீது குண்டுகள் விழுந்தன. அங்கிருந்த ஐரோப்பியர்கள் இரவில் ஓசையின்றி வெளியேற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விட்டுச் செல்லப்பட்டனர். யாருக்குக் கப்பலில் இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை அமைதிக்காலத்தில் பயணச்சீட்டின் வகுப்பு சொன்னது. போர்க்காலத்தில் தோலின் நிறம் சொன்னது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகப்பட்டினம்–பினாங்கு வழி அடைபட்டது.

ரஜூலாவும் ரோனாவும் படை ஏற்றும் கப்பல்களாயின. தொழிலாளரை நெருக்கியடைத்த அதே டெக்குகள் சிப்பாய்களை ஏற்றின. ஏராளமானோரைக் குறைந்த இடத்தில் கொண்டுசெல்லும்படி கட்டப்பட்ட கப்பல் போருக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. புலம்பெயர்வுக் கப்பலுக்கும் படைக்கப்பலுக்கும் இடையே மாற்ற வேண்டியது அதிகம் இருக்கவில்லை என்பதே, நம் மக்கள் எப்படிக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதற்குச் சான்று.

ரோனா தப்பவில்லை. 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோ மூலம் இயக்கிய குண்டு அதைத் தாக்கியது. 1,015 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். கடலில் அமெரிக்கப் படை சந்தித்த மிகப் பெரிய இழப்புகளில் ஒன்று அது. புதிய வகை ஆயுதம் பற்றிய செய்தி வெளிவரக் கூடாது என்று பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேசாமல் வைத்திருந்தார்கள். அந்தக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்களும் இறந்தனர். கொதிகலன் அறையிலும் சமையலறையிலும் டெக்கிலும் உழைத்த அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். அமெரிக்காவில் இறந்தவர்களின் குடும்பங்கள் நினைவுச்சின்னம் எழுப்பின. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தலைமுறையை ஏற்றிச் சென்ற கப்பல் இப்படி மூழ்கியது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. அண்ணல் பயணம் செய்த ‘வைஸ்ராய் ஆஃப் இந்தியா’வும் அதற்கு ஓராண்டு முன், 1942 நவம்பரில், அதே அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது.

ரஜூலா போரிலிருந்து மீண்டது. அது கொண்டுபோய் இறக்கிய மக்கள் பலர் மீளவில்லை. ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதையை 1942–43-இல் அமைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்தன. ஆசியத் தொழிலாளர் அவர்களைவிட மும்மடங்கு. அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரக்கணக்கினர். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் காட்டில் செத்தவர்களுக்குப் பட்டியல் இல்லை. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய படைப்பிரிவு பெயர்ப்பட்டியல் வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் பெயரோடு உறங்குகிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அந்நகரில் நடுகல் ஒன்று எழுப்பப்படுவதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் இவர்களைக் காத்தது எழுத்துதான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்களை நம் கல்லூரி மாணவர்கள் வரலாற்று ஆவணங்களாகவும் வாசிக்க வேண்டும்.

வேறொரு பாதையில் போனவர்களும் இருந்தனர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்திலும், பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் சேர்ந்தனர். துப்பாக்கி ஏந்தவும் அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்கவும் கிடைத்த முதல் வாய்ப்பு பலருக்கும் அதுவே. நாட்டுப்பற்றோடு அந்த நிமிர்வும் அவர்களை ஈர்த்தது என்பது எங்கள் கருத்து. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போவதிலிருந்து தப்பலாம் என்னும் கணக்கும் சிலருக்கு இருந்திருக்கும். இரண்டையும் மறைக்கத் தேவையில்லை.

ஆத்தூரில் நின்றுபோன கடிதங்கள்

கப்பல் நின்றபோது இங்கே என்ன நடந்தது? மலாயாவிலிருந்து வரும் மணியார்டர் நின்றது. கடிதம் நின்றது. மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, கணவன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாத பெண்கள் சேரிகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் விதவையுமல்லர், சுமங்கலியுமல்லர். பண வரவு நின்றதும் பலருக்கு மீண்டும் பண்ணையின் வாசலே கதியாயிற்று. போரின் வரலாறு அவர்களைக் கணக்கில் எடுத்ததில்லை.

கப்பல் நின்றதால் சேலம் சமவெளியின் பொருளாதாரமே திசை மாறிய கதையும் உண்டு. ஜவ்வரிசி என்னும் சொல்லையே ‘ஜாவா அரிசி’ என்று விளக்குவார்கள். தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பண்டம் அது. போர் அந்த வரத்தை அடைத்தபோது, 1943 அளவில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று ஆத்தூர் வட்டமெங்கும் காணும் ‘சேகோ’ ஆலைகளின் தொடக்கம் அதுவே. குச்சிக்கிழங்கு பிடுங்கும் கூலிகளாகவும் ஆலைகளில் தோலுரிக்கும் பெண்களாகவும் இன்று உழைப்பவர்களில் எத்தனை பேர் அன்று கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேத்திகள் என்று எண்ணிப் பார்க்கலாம். கப்பல் ஏற்றிச் சென்ற உழைப்பும், கப்பல் வராமையால் பிறந்த தொழிலும் ஒரே சேரியில் வந்து சேர்கின்றன.

மீண்டும் அமைதி, இறுதிப் பயணம்

போருக்குப் பின் ரஜூலா பழைய வழிக்குத் திரும்பியது. டெக் பயணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. நினைவுக் குறிப்புகளில் நாம் வாசிக்கும் அன்புக்குரிய ரஜூலா பெரும்பாலும் இந்தக் காலத்தது. பிரிந்த குடும்பங்கள் மீண்டும் சந்தித்தன. பிள்ளைகள் தாத்தாவின் ஊரைப் பார்க்க வந்தனர். சென்னைத் துறைமுகத்தில் அழுதும் சிரித்தும் நின்ற கூட்டத்தை யாரும் மறுக்க முடியாது.

எல்லாப் பயணமும் விருப்பப் பயணமாக இருக்கவில்லை. 1948-இல் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மலாயா கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சங்கத்தில் இருந்த தொழிலாளர் பலர் நாடு கடத்தப்பட்டனர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, ஆயுள் முழுவதும் அங்கே உழைத்த ஆயிரக்கணக்கானோர் மீண்டும் கப்பலேறி, தமக்கு நிலமும் வீடும் இல்லாத ‘தாயகத்துக்கு’த் திரும்பினார்கள். பலருக்கு அந்தத் தாயகம் என்பது ஊருக்கு வெளியே இருந்த அதே சேரிதான். நாற்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பின்னும் டீக்கடையில் தனிக் குவளை அவர்களுக்காகக் காத்திருந்தது.

1973-இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் வழித்தடத்தில் வந்த கப்பலுக்கு ‘சிதம்பரம்’ என்று பெயர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ரஜூலாவின் உரிமையாளரான அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துச் சிறை சென்ற வ. உ. சிதம்பரனாரின் பெயர் அது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தனர். அத்துடன் சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பலின் காலம் முடிந்தது.

நாம் செய்ய வேண்டியது

ரஜூலாவை வெறும் அடிமைக்கப்பல் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால், தம் காலால் நடந்து போய் ஏறிய நம் முன்னோரின் முடிவை நாமே அழித்தவர்களாவோம். பண்ணைக்கும் பஞ்சத்துக்கும் தீண்டாமைக்கும் நடுவே அவர்கள் கண்ட கதவு அது. வெறும் இனிய நினைவு என்று எழுதுவது அதைவிட எளிது. அப்படி எழுதினால், அந்தக் கதவைத் திறந்துவைத்தவர்களின் கணக்குப் புத்தகத்தை மூடியவர்களாவோம். ஐயாயிரம் பேரைப் பாயளவு இடத்தில் ஏற்றிய உரிமமும், படகிலிருந்து ஏணியைப் பற்றிய அந்தக் கையும் ஒரே கப்பலின் வரலாறு.

ஆகவே சில வேலைகள் நம் முன் இருக்கின்றன. முதலாவது, வீடுகளில் தொடங்க வேண்டும். தகரப் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, கடிதம், நிழற்படம் இருந்தால் அவற்றை எறியாமல் படமெடுத்து வைக்க வேண்டும். ‘கப்பலுக்குப் போனவர்’ பெயர் என்ன, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், யார் அழைத்துப் போனது, திரும்பினாரா என்னும் ஐந்து கேள்விகளை ஊரின் மிக முதிய பெண்களிடம் முதலில் கேட்க வேண்டும். காத்திருந்தவர்களின் பேத்திகளும் மகள்களும் அவர்களே. இரண்டாவது, சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்கள் இதை ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும். சென்னை ஆவணக் காப்பகத்தில் புலம்பெயர்வு பற்றிய அரசுக் கோப்புகள் உள்ளன. அவற்றைச் சாதியின் கண்ணோடு வாசித்தவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது, இன்றைய கப்பல்களைக் கவனிக்க வேண்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானத்தில் போகும் நம் இளைஞர் கங்காணிக்குப் பதில் ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள். முன்சீப் கையொப்பத்துக்குப் பதில் குடிபெயர்வு அனுமதி முத்திரை வந்திருக்கிறது. பாயளவு டெக்குக்குப் பதில் அடுக்குக் கட்டில் போட்ட விடுதி அறை இருக்கிறது. 1941-இல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்கள் எந்த நாட்டின் குடிமக்களாகவும் முழுமையாக ஏற்கப்படாதவர்கள். ஆயினும் சொன்னார்கள். அவர்களுடைய பெயர்களைத் தேடிக் கண்டெடுத்து எழுதும் வேலையை ஆத்தூரிலிருந்தே தொடங்கலாம்.